மெஷின் 1803-லேயே வந்துவிட்டது

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் முதலாமாண்டு மாணவி ஒருவர் கைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். ஜெர்மனியில் ஏதோ ஒரு தெரு. கறுப்புக் கோட்டு, பளபளக்கும் பித்தான்கள், தலையில் உயரமான தொப்பி, தோளில் சுருட்டிய கம்பியும் வட்டத் தூரிகையுமாக ஒருவர் நடந்து போகிறார். எதிரே வந்த பெண் நின்று, சிரித்து, அவருடைய கோட்டுப் பித்தானைத் தொட்டுவிட்டுப் போகிறார். வீட்டுப் புகைபோக்கியைச் சுத்தம் செய்கிறவரைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது அங்கே நம்பிக்கை. புத்தாண்டு வாழ்த்து அட்டைகளில்கூட அவர் படம் இருக்கும்.

மாணவி கேட்டார்: "தோழர், அங்க அழுக்கு எடுக்கிறவங்களைத் தொட்டா அதிர்ஷ்டம். இங்க தொட்டா தீட்டு. அவங்க மனசு அவ்வளவு பெருசா?"

அன்றைக்கு எங்களால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு உட்கார்ந்து படித்தோம். இப்போது பதில் சொல்கிறோம்: இல்லை. அவர்கள் மனசு பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. அந்தப் பித்தானுக்குப் பின்னால் சட்டம், தூரிகை, கட்டட விதி, குளியல் தண்ணீர், கூலி ஆகியவை இருக்கின்றன. இவை எதுவும் இல்லாத காலத்தில், இதே வேலைக்காக, இதே ஐரோப்பா ஐந்து வயதுக் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. "மனசு மாறினால் எல்லாம் மாறும்" என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கு இந்தக் கதை நல்ல பதில். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கரி எங்கிருந்து வருகிறது

முதலில் வேலையைப் புரிந்துகொள்வோம். குளிர்நாட்டில் பழைய வீடு என்றால் அறைக்கு அறை கணப்பு இருக்கும். விறகோ நிலக்கரியோ எரியும். புகை சுவருக்குள் ஓடும் செங்கல் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போகும். போகிற வழியில் புகை குளிர்ந்து, குழாயின் உள்சுவரில் கரியாகப் படியும். ஈர விறகு எரித்தால் இன்னும் மோசம்: கிரியோசோட் என்ற தார் போன்ற பிசின் ஒட்டிக்கொள்ளும். அது தீப்பிடிக்கும் பொருள். ஒரு நாள் அதில் பொறி பட்டால் குழாய் முழுவதும் உள்ளுக்குள்ளேயே எரியும், செங்கல் வெடிக்கும், உத்தரம் பற்றிக்கொள்ளும்.

கரி அடைத்தால் இன்னொரு ஆபத்து. வெளியே போக வழியில்லாத கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும். நிறம் இல்லை, வாசனை இல்லை. தூங்குகிறவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். காகங்கள் குழாய்க்குள் கூடு கட்டினாலும் இதே கதிதான். பழைய பிரிட்டிஷ் வீடுகளில் குழாயின் உள்பக்கம் சுண்ணாம்பும் மாட்டுச் சாணமும் கலந்து பூசியிருப்பார்கள். நூறு வருடத்தில் அந்தப் பூச்சு உதிர்ந்துவிடும். அப்போது கீழ் அறையில் எரிகிற நெருப்பின் புகை மேல் அறைச் சுவரின் இடுக்கு வழியாகக் கசியும்.

ஆகவே சுத்தம் செய்தே ஆக வேண்டும். இன்றும் பிரிட்டனில் தொழில் சங்கங்கள் சொல்லும் கணக்கு இது: புகையில்லா எரிபொருள் என்றால் வருடத்துக்கு ஒரு முறையாவது, சாதாரண நிலக்கரி என்றால் இரு முறை, விறகு என்றால் எரிக்கும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. "இந்த வேலையை யாராவது செய்துதானே ஆக வேண்டும்?" என்று நம்மிடம் கேட்பார்களே, அந்தக் கேள்வி அங்கேயும் இருந்தது. "யாராவது" என்ற சொல்லுக்குள் யாரை நுழைத்தார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

குழாய்க்கு ஏற்ற உடம்பு

பழைய காலத்தில் விறகு எரித்தபோது புகைபோக்கிகள் அகலமாக இருந்தன. நிலக்கரி வந்தபின் குறுகிய குழாய்தான் புகையை நன்றாக இழுக்கிறது என்று கண்டார்கள். 1666-இல் லண்டன் எரிந்து, செங்கல்லில் திரும்பக் கட்டப்பட்டது. மாடி உயர்ந்தது, அறைகள் கூடின, குழாய்கள் சுவருக்குள் வளைந்து திரும்பி ஒன்றோடொன்று சேர்ந்தன. வழக்கமான குழாயின் அளவு 9 அங்குலத்துக்கு 14 அங்குலம். கோர்ட்டில் மனு எழுதும் லீகல் சைஸ் தாளை எடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே அளவு. அதற்குள் ஒரு மனித உடம்பு போக வேண்டும். இன்னும் குறுகிய குழாய்களும் இருந்தன.

போகிற உடம்பு எப்படிப்பட்டதாக இருக்கும்? ஆறு வயது, ஏழு வயது. சில நேரம் நான்கு. அனாதை விடுதியிலிருந்து பிடித்து வந்த பிள்ளை, ஏழைத் தாய்தகப்பன் சில காசுக்கு விற்ற பிள்ளை. "தொழில் பழகுகிறான்" என்று காகிதத்தில் எழுதிக்கொள்வார்கள். முதுகையும் முழங்கையையும் முட்டியையும் சுவரில் ஊன்றிப் புழு போல மேலே ஏற வேண்டும். தலைக்கு மேலே தூரிகையால் சுரண்ட வேண்டும். கரி முகத்தில் கொட்டும். தோல் உரிந்துவிடும் என்பதால் முதலில் முட்டியிலும் முழங்கையிலும் உப்புநீரைத் தேய்த்து, நெருப்பின் முன்னால் நிறுத்திக் காய்ச்சுவார்கள். ஏற மறுத்தால் கீழே வைக்கோலைக் கொளுத்துவார்கள். சறுக்கினால் முட்டி மோவாயில் இடித்துச் சிக்கிக்கொள்ளும். அப்புறம் சுவரை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பெரும்பாலும் உயிர் இருக்காது.

இரவில் அந்தக் கரி மூட்டைகளைப் போர்த்திக்கொண்டுதான் அவர்கள் தூங்கினார்கள். கரியை விவசாயிகளுக்கு உரமாக விற்கலாம், அதற்கு விலை உண்டு. பிள்ளையைவிடக் கரி பத்திரமாக இருந்தது.

1775-இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் ஒன்றைக் கவனித்தார். சிறுவயதில் புகைபோக்கி ஏறியவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருகிறது. ஒரு தொழில்தான் புற்றுநோய்க்குக் காரணம் என்று மருத்துவம் முதன்முதலாக எழுதிவைத்தது இதைத்தான். இந்த நோய் விதியால் வந்ததல்ல, வேலையால் வந்தது என்று 250 வருடத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் குழந்தைகளை ஏற்றினார்கள்.

"மெஷினால் முடியாது"

தோழர்களே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள்.

1803-இல் லண்டனில் ஏறும் சிறுவர்களின் தேவையை ஒழிப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். மாற்றுக் கருவிக்குப் பரிசு அறிவித்தார்கள். ஜார்ஜ் ஸ்மார்ட் என்பவர் ஒரு கருவி செய்தார். உள்ளே துளையிட்ட குச்சிகள், நடுவே ஓடும் கயிறு, நுனியில் தூரிகை. ஒன்றோடொன்று இணைத்து மேலே தள்ள வேண்டியதுதான். 1828-இல் ஜோசப் கிளாஸ் அதைவிட நல்ல, வளையக்கூடிய கருவியைச் செய்தார். இன்றைக்கும் புகைபோக்கி துப்புரவாளர்கள் கையில் வைத்திருக்கும் கம்பியும் தூரிகையும் ஏறக்குறைய அதுதான்.

அப்படியானால் 1803-லேயே குழந்தைகளை இறக்கியிருக்க வேண்டும் அல்லவா? இல்லை. 72 வருடம் ஆயிற்று.

ஏன்? மெஷின் தூசியைக் கிளப்பும், கம்பளம் பாழாகும் என்றார்கள் வீட்டு எஜமானிகள். எங்கள் வீட்டுக் குழாய் வளைந்தது, அதற்குள் மெஷின் போகாது என்றார்கள் வீட்டு முதலாளிகள். பையனை அனுப்பினால் மூலை முடுக்கெல்லாம் சுத்தமாகும் என்றார்கள் ஒப்பந்தக்காரர்கள். 1817-இல் நாடாளுமன்றக் குழு விசாரித்து, சிறுவர்களை ஏற்றுவதைத் தடை செய்யலாம் என்றே சொன்னது. 1819-இல் பிரபுக்கள் சபை அந்த மசோதாவைத் தள்ளிவிட்டது. இதையெல்லாம் சட்டம் போட்டுத் திருத்த வேண்டாம், நம் மக்களின் நல்லுணர்வுக்கே விட்டுவிடலாம் என்ற கருத்தில் அங்கே ஒரு பிரபு பேசினார். சபையில் உட்கார்ந்திருந்தவர்களின் மாளிகைகளில்தான் மிக நீளமான, மிக வளைந்த புகைபோக்கிகள் இருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குழாய் வளைந்திருக்கிறது என்றால் என்ன செய்ய வேண்டும்? வளைவில் சுவரை வெட்டி ஒரு சிறு கதவு வைக்கலாம். அந்தக் கதவு வழியாகத் தூரிகையை விட்டுக் கரியை எடுக்கலாம். இது ஒரு கொத்தனாரின் வேலை. இதைச் செய்யச் செலவு வீட்டுக்காரருக்கு. செய்யாவிட்டால் செலவு பையனுக்கு. 72 வருடமாக நடந்த வாதத்தின் சாரம் இவ்வளவுதான்.

ஐந்து சட்டங்கள்

1788-இல் முதல் சட்டம்: எட்டு வயதுக்குக் குறைந்தவனைச் சேர்க்கக் கூடாது. துப்புரவு முதலாளிகளுக்கு உரிமம் கட்டாயம் என்றொரு பிரிவு அதில் இருந்தது. பிரபுக்கள் சபை அந்தப் பிரிவை நீக்கிவிட்டுத்தான் நிறைவேற்றியது. உரிமம் இல்லை, கண்காணிப்பு இல்லை. 1834-இல் வயதைப் பத்தாக உயர்த்தினார்கள், புதிய புகைபோக்கிகளை எப்படிக் கட்ட வேண்டும் என்றும் விதி வைத்தார்கள். 1840-இல் 21 வயதுக்குக் குறைந்த யாரும் ஏறவே கூடாது என்றார்கள். காகிதத்தில் அருமையான சட்டம். ஆனால் வழக்கை விசாரிக்க வேண்டிய மாஜிஸ்திரேட் வீட்டிலேயே பையன் ஏறிக்கொண்டிருந்தால் தண்டனை எங்கிருந்து வரும்? 1860-களில் அரசு ஆணையம் மறுபடி விசாரித்தபோது சிறுவர்கள் ஊர் ஊராக ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். 1864-இல் தண்டனையைக் கூட்டினார்கள். அப்போதும் நிற்கவில்லை.

1875 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மனநல மருத்துவமனையின் புகைபோக்கிக்குள் ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற 11 வயதுச் சிறுவன் அனுப்பப்பட்டான். சிக்கிக்கொண்டான். சுவரை இடித்து வெளியே எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் இறந்துபோனான். அது ஒரு பொது மருத்துவமனைக் கட்டடம் என்பதை நினைவில் வையுங்கள். அவனை அனுப்பிய முதலாளிக்கு ஆறு மாதம் கடுங்காவல் கிடைத்தது. ஷாஃப்ட்ஸ்பரி பிரபு அந்த மரணத்தை முன்வைத்து ஐந்தாவது சட்டத்தைக் கொண்டுவந்தார். புகைபோக்கித் தொழில் செய்கிறவர் ஒவ்வொரு வருடமும் காவல்துறையிடம் அனுமதிச் சான்று வாங்க வேண்டும், பழைய சட்டங்களை மீறினால் சான்று பறிபோகும், அமலாக்குவது காவல்துறையின் பொறுப்பு. அதோடு சிறுவர்கள் ஏறுவது நின்றது.

முதல் சட்டத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் இடையே 87 ஆண்டுகள். இந்த இடைவெளியில் கவிதை வந்தது, கதை வந்தது, கண்ணீர் வந்தது. வில்லியம் பிளேக் 1789-லும் 1794-லும் எழுதினார். சார்ல்ஸ் கிங்ஸ்லியின் நாவல் 1863-இல் வந்தது. ஊரே இரக்கப்பட்டது. இலக்கியத்தை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை, அது மனசாட்சியைத் தட்டியது. ஆனால் பையனைக் கீழே இறக்கியது சான்றும் காவல்துறையும்தான்.

அதே கரி, அதே தோல்

இன்னொரு சான்று. 1892-இல் ஹென்றி பட்லின் என்ற ஆங்கில மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். இங்கிலாந்தில் துப்புரவாளர்களுக்கு வரும் அந்தப் புற்றுநோய், கடல் தாண்டிய ஜெர்மனி போன்ற நாடுகளில் ஏன் அரிதாக இருக்கிறது? அங்கேயும் புகைபோக்கி உண்டு, கரி உண்டு. பார்த்தபோது பதில் எளிமையாக இருந்தது. அங்கே துப்புரவாளர்கள் உடம்பை மூடும் இறுக்கமான உடை அணிந்தார்கள், வேலை முடிந்ததும் தினமும் குளித்தார்கள். ஜெர்மனியில் அது தொழிற்குழு வைத்து நடத்திய தொழில். பயிற்சி, உடை, விதி எல்லாம் இருந்தது.

அதே கரிதான், அதே தோல்தான். நடுவில் ஒரு துணியும் ஒரு வாளித் தண்ணீரும் இருந்தன. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்று ஜெர்மனியில் இந்த வேலைக்கு மூன்று வருடத் தொழிற்பயிற்சி, அதற்குமேல் மாஸ்டர் தேர்வு. பகுதிக்கு ஒரு பொறுப்பாளரை ஏழு வருடத்துக்கு நியமிக்கிறார்கள். அந்த ஏழு வருடத்தில் இரண்டு முறை அவர் ஒவ்வொரு வீட்டின் அடுப்பையும் புகைபோக்கியையும் நேரில் பார்ப்பார். எந்த வேலையை எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு எழுத்தில் உத்தரவு தருவார். செய்யாவிட்டால் அரசே செய்துவிட்டு வீட்டுக்காரரிடம் பணம் வசூலிக்கும். கவனியுங்கள், உத்தரவு துப்புரவாளர் வீட்டுக்காரருக்குப் போடுகிறார். அந்தப் பெண் தெருவில் தொட்டது இந்த அதிகாரத்தின் பித்தானை.

இதை சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஒரு பகுதியில் ஒருவரே என்ற ஏகபோகத்தை ஐரோப்பிய அழுத்தத்துக்குப் பிறகு 2013-இல்தான் தளர்த்தினார்கள். பிரிட்டனில் இப்போது இந்தத் தொழிலுக்குச் சட்டப்படி உரிமம்கூட இல்லை, தொழில் சங்கங்களின் சான்றுதான். புகைபோக்கிக் கரியை உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இன்றும் முதல் பிரிவு நச்சாகத்தான் வைத்திருக்கிறது. வேலை இன்னும் அழுக்கானதுதான், ஆபத்தானதுதான். ஆனால் செய்கிறவர் கையில் கேமராவும் உறிஞ்சு கருவியும் முகக்கவசமும் இருக்கின்றன. வேலை முடிந்ததும் அவர் கையெழுத்துப் போட்டுத் தரும் சான்றைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கிறது.

தொப்பியைப் பார்த்து மயங்காதீர்கள்

அதிர்ஷ்டக் கதைக்கு வருவோம். 1964-இல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் துப்புரவாளர்கள் லண்டன் கூரைகளின்மேல் ஆடிப் பாடுகிறார்கள். உலகமே ரசித்தது. ஏறிச் செத்த பிள்ளைகளின் கூரை அது என்பது யாருக்கும் உறுத்தவில்லை. வேலை செய்கிறவரைப் புனிதமாக்குவதும் அதிர்ஷ்டமாக்குவதும் மலிவான காரியம். அதற்குக் கூலி உயர்த்த வேண்டாம், சுவரை இடிக்க வேண்டாம். நம் நாட்டிலும் மலம் அள்ளுவதைத் தாய்மையின் தொண்டு என்று புகழ்ந்த மகாத்மாக்கள் உண்டு. புகழ்ந்தார்கள், ஆனால் கூடை கை மாறவில்லை.

அமெரிக்காவையும் பாருங்கள். நியூயார்க்கிலும் சார்ல்ஸ்டனிலும் புகைபோக்கி ஏறியவர்கள் யார்? கறுப்பினச் சிறுவர்கள். தெற்கே அடிமைப் பிள்ளைகளை எஜமானர்கள் வாடகைக்கே விட்டார்கள். எந்தச் சமூகத்தில் பிறப்பால் மலிவான உடம்பு கிடைக்கிறதோ அந்தச் சமூகம் அதைத்தான் முதலில் குழாய்க்குள் தள்ளும். இங்கிலாந்தின் ஏழைப் பையன் தப்பிப் பிழைத்து வளர்ந்துவிட்டால், அவன் பிள்ளை பிறக்கும்போதே துப்புரவாளன் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. இங்கே எழுதிவைக்கிறார்கள். சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து அடுக்கி வைக்கிறது என்று அம்பேத்கர் 1936-இல் சொன்னது இதைத்தான். ஆகவே நம் போராட்டம் அவர்களுடையதைவிடக் கடினமானது. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் எதிரில் நிற்கிற வாதம் ஒன்றேதான். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொன்று. சாக்கடை மரணத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. கேரளத்தில் இளைஞர்கள் செய்த பாண்டிகூட் ரோபோ 2018-லேயே சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. மெஷினும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது, நச்சுவாயு பற்றிய அறிவும் இருக்கிறது. சாவு வீட்டுக்குப் போய் நாங்கள் உட்காரும்போது ஒப்பந்தக்காரர் சொல்வது: "அந்தச் சந்துக்குள்ள மெஷின் போகாதுங்க."

தோழர்களே, இந்தப் பதிலை நாம் 200 வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மெஷின் போகவில்லை என்றால் சந்தை மாற்று, தொட்டியை மாற்று, மூடியை மாற்று. மனிதனைச் சுருக்காதே.

அடுத்த முறை உங்கள் ஊரில் ஒரு மரணம் நடந்தால், இரங்கல் கூட்டத்தோடு நிற்காதீர்கள். மூன்று கேள்விகளை மனுவாக எழுதுங்கள். அந்தக் கட்டடத்தின் உரிமையாளர் யார், வழக்கில் அவர் பெயர் இருக்கிறதா? மெஷின் நுழைய வழியில்லாத தொட்டிக்கு வரைபட அனுமதி தந்து கையெழுத்துப் போட்ட அதிகாரி யார்? நகராட்சி வாங்கிய மெஷின் எத்தனை, கடந்த மாதம் அது எத்தனை நாள் ஓடியது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். இங்கிலாந்தில் ஏறிய பையனை இறக்க 87 வருடம் ஆனது, வீட்டுக்காரனையும் அதிகாரியையும் யாரும் கேள்வி கேட்காததால்தான். நம்மிடம் 87 வருடம் இல்லை.

காணொளி காட்டிய மாணவி இப்போது தன் ஊர் நகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறார். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறோம். நீங்களும் எழுதி அனுப்புங்கள்.